மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்

இருமல் மிட்டாய் டப்பாவைத் திறந்து
பஞ்சுக்குள்ளிருந்து அதை எடுத்து
எக்ஸ்ரே மேசைமேல் வைத்தார் பந்தெலிஸ்.
சிப்பி. என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு.
பச்சை என்று சொல்ல வாயெடுத்தால் நீலம்,
நீலம் என்பதற்குள் ஓரத்தில் ஒரு நெருப்பு.
"முதலில் இதை எடு. பிறகு என்னை."

கூபர் பீடி, செவ்வாய்க்கிழமை, வெளியே நாற்பத்தாறு டிகிரி.
டாக்டர் வரும் விமானம் தாமதம்.
கணினி பெயர் கேட்டது: சிப்பி என்று அடித்தேன்.
வயது கேட்டது: பதினோரு கோடி.
மூன்று இலக்கத்துக்கு மேல் ஏற்காதாம்.
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது போட்டுச் சமாளித்தேன்.

இங்கே கடல் இருந்தது.
இப்போது மேடு மேடாய் வெளிறிய மண்,
மேட்டுக்கு ஒரு குழி,
குழிக்கு முன்னால் பலகை:
பின்பக்கமாக நடக்காதீர்கள்.

கடல் போனபின் எப்போதோ
மணற்பாறையை நக்கி நக்கி
அதன் சாரத்தைக் கரைத்துக்கொண்டு
நீர் கீழே இறங்கியிருக்கிறது.
சிப்பியின் சுண்ணாம்பு அதற்குள் கரைந்துபோயிற்று.
களிமண் மட்டும் அந்த உருவத்தைக்
குழிவாய் வைத்துக்கொண்டிருந்தது,
எழுந்துபோனவரின் பள்ளத்தை மெத்தை வைத்திருப்பதுபோல.
அந்தப் பள்ளத்தில் சிலிக்கா இறங்கியது.
கண்ணுக்கு எட்டாத உருண்டைகள்,
பழக்கடையில் ஆரஞ்சு அடுக்குகிற கைபோல
வரிசை குலையாமல் ஒன்றன்மேல் ஒன்று.
இடையில் விட்ட சந்துகளில்
வெளிச்சம் நுழைந்து உடைகிறது.
நிறம் என்று அதில் எதுவுமே இல்லை.

படம் வந்தது.
வளர்ந்த வரிகளை எதிர்பார்த்தேன்,
ஒரு கோடை, ஒரு பசி, ஏதாவது.
முழுக்க ஒரே சாம்பல். விளிம்பு மட்டும் சிப்பி.
"உள்ளே யாருமில்லை" என்றேன்.
"வாடகைக்கு விட்ட வீடு" என்று சிரித்தார்.
சிரிப்பு இருமலாக மாறியது.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருந்தேன்,
ஒன்றரை நிமிடம்.

அடுத்து அவர்.
சட்டையைக் கழற்றினார்.
முப்பத்தெட்டு வருடம் தரைக்கடியில்;
துளையிடும் இயந்திரத்தின் அதிர்வு
இன்னும் விரல்களில் மிச்சமிருந்தது.
மார்பைப் பலகையில் ஒட்டச் சொன்னேன், தோள்களை முன்னால்.
"மூச்சை இழுங்கள். பிடித்துக்கொள்ளுங்கள்."
ஒரு நாளில் இருபது முறை சொல்லும் வாக்கியம்.
அவரால் நான்கு நொடிதான் முடிந்தது.
சிப்பியிடம் நான் இதைச் சொல்லவே இல்லை.

திரையில் வெள்ளைப் பொட்டுகள்.
மேலே நெருக்கமாய், கீழே போகப்போகக் கலைந்து,
யாரோ ஒரு கைப்பிடி மணலை
இரண்டு ஜன்னல்களுக்குள்ளும் எறிந்ததுபோல்.

அதே சிலிக்காதான்.
ஆனால் இங்கே அதற்குக் காலி இடம் விடப்படவில்லை.
ஒவ்வொரு துகளையும் விழுங்க ஒரு செல் வருகிறது.
விழுங்கிச் சாகிறது.
அந்தச் சாவைச் சுற்றி
உடம்பு ஒரு வடுவைக் கட்டுகிறது.
செத்த செல்லிலிருந்து துகள் வெளியே வருகிறது,
அடுத்த செல்லுக்கு.
கல் அவரைக் கல்லாக்கவில்லை,
கல்லுக்குப் பயந்த சதை தானே இறுகுகிறது.
கல்லாய்ச் சமைவது என்போம் எங்கள் மொழியில்.
சமைவதற்கு நின்று எரியும் அடுப்பு வேண்டும்,
யாரும் மூடியைத் திறந்து பார்க்கக் கூடாது.
ஒரு மனிதனுக்குள் அவ்வளவு நேரம் ஏது.

இரண்டு படங்களையும் பக்கம் பக்கமாய்ப் போடச் சொன்னார்.
போட்டேன்.
நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"எது நல்ல விலைக்குப் போகும்?"
படம் எடுப்பது என் வேலை,
விளக்குவது டாக்டருடையது.
அந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அவர் போனபின்தான் பார்த்தேன்,
டப்பா மேசைமேலேயே இருந்தது.
எடுத்துக்கொண்டு வாசல்வரை ஓடினேன்.
வெயிலில், வண்டிக் கதவில் கைவைத்து,
மூச்சுக்காக நின்றுகொண்டிருந்தார்.

"மறக்கவில்லை" என்றார்.
"அதற்கும் ரிப்போர்ட் வரட்டும்."